சனம் கூடினால் வியாபாரம் கூடுமா? மாலே நகரம் சொல்லும் கணக்கு

சனம் கூடினால் கடைக்கு நல்லது என்பது நமது வியாபாரிகளின் பழைய நம்பிக்கை. கடைக்கு இடம் பார்க்கப் போனால் அந்தத் தெருவால் எத்தனை பேர் போய் வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்போம். பஸ் நிலையத்துக்குப் பக்கமா, சந்தைக்கு முன்னாலா, பாடசாலைக்கு எதிரிலா என்று கேட்போம். பெருநாள் சீசனில் புறக்கோட்டை மெயின் வீதியில் தோளோடு தோள் இடிபட்டு நடக்கும் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்த வியாபாரி எவரையும் நான் கண்டதில்லை.

இந்த நம்பிக்கை பொய்யல்ல. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், சனம் கொண்டுவந்து தந்த இலாபத்தைச் சனநெரிசலே திருப்பி எடுத்துக்கொள்கிறது. கடை வாடகையாக, தண்ணீர்க் கட்டணமாக, கழிவகற்றும் செலவாக, ஊழியர்களைத் தங்கவைக்கும் செலவாக அது கணக்குக் கொப்பியில் வந்து சேர்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வருவதால் இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதை நாம் கவனிப்பதில்லை.

உலக சனத்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தாண்டியதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 800 கோடி என்பது நம் மனதில் பதியாத தொகை. ஆகவே கண்ணால் பார்த்து, காலால் நடந்து அளக்கக்கூடிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாலைதீவின் தலைநகர் மாலேதான் அந்த இடம். மாசி வாங்குவதற்கும், இங்கிருந்து மரக்கறியும் பலசரக்கும் அனுப்புவதற்குமாகப் பல வருடங்கள் அங்கு போய் வந்தவன் நான். ஒரு சிறிய நிலத்தில் அளவுக்கு மீறிச் சனம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தீவைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று இல்லை.

இரண்டு சதுர கிலோமீற்றருக்குள் ஒரு தலைநகர்

மாலே தீவின் பரப்பு ஏறக்குறைய 2 சதுர கிலோமீற்றர். நமது கணக்கில் சொன்னால் சுமார் 500 ஏக்கர். ஆறுதலாக நடந்தாலும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். இதற்குள்தான் அரசாங்க அலுவலகங்கள், துறைமுகம், பெரிய வைத்தியசாலை, பாடசாலைகள், மீன் சந்தை, மரக்கறிச் சந்தை, பள்ளிவாசல்கள், பெருந்தொகையான மோட்டார் சைக்கிள்கள் எல்லாம்.

1977ஆம் ஆண்டு தொகைமதிப்பின்போது மாலேயில் இருந்தவர்கள் சுமார் 29,500 பேர். 2006இல் அது 1 இலட்சத்து 3 ஆயிரத்தைத் தாண்டியது. 2022இல், பக்கத்தில் கடலை நிரப்பி உருவாக்கிய ஹுல்ஹுமாலேயையும் சேர்த்து மாலே மாநகரத்தின் சனத்தொகை 2 இலட்சத்துக்கும் மேல். முழு நாட்டிலும் வெளிநாட்டவர்கள் உட்பட இருந்தவர்கள் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர்தான். அதாவது, 1,200க்குக் கிட்டிய தீவுகளைக் கொண்ட ஒரு நாட்டில் பத்துப் பேரில் நான்கு பேர் ஒரே மாநகரத்தில் வாழ்கிறார்கள்.

இந்தக் கூட்டம் எப்படி வந்தது?

முதற்காரணம் பிறப்பு இறப்புக் கணக்கு. மலேரியா ஒழிக்கப்பட்டது, தடுப்பூசி வந்தது, குழந்தை மரணம் குறைந்தது. 1960களின் பிற்பகுதியில் சுமார் 1 இலட்சமாக இருந்த நாட்டின் சனத்தொகை 1990ஆம் ஆண்டளவில் 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு தாய்க்கு ஆறு, ஏழு பிள்ளைகள் இருந்த காலம் அது.

இரண்டாவது காரணத்தில் நமக்கும் பங்கு உண்டு. மாலைதீவின் பிரதான ஏற்றுமதி ஒரு காலத்தில் மாசிதான். அதன் பெரிய சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து இறக்குமதிகள் குறைக்கப்பட்டபோது அந்தச் சந்தை சரிந்தது. தீவுகளில் மீன் பிடித்து, அவித்து, புகையூட்டி, காயவைத்து வாழ்ந்த குடும்பங்களின் வருமானத்தில் அது பெரிய அடி. அதே காலத்தில், 1972இல், மாலைதீவில் சுற்றுலாத்துறை ஆரம்பமானது. புதிய பணமும் புதிய தொழில்களும் மாலேயைச் சுற்றியே வளர்ந்தன.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் முக்கியமானது. நல்ல பாடசாலை மாலேயில், வைத்தியர் மாலேயில், கடவுச்சீட்டு அலுவலகம் மாலேயில், கப்பல் வந்து நிற்பதும் மாலேயில். பிள்ளையைப் படிக்கவைக்க நினைத்த தகப்பன் மாலேக்கு வந்தார். நோயாளியைக் கொண்டுவந்த குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது.

இங்கே ஓர் உண்மையை நாம் நன்றாகக் கவனிக்கவேண்டும். மாலைதீவில் பிறப்புவீதம் பல வருடங்களாக வேகமாகக் குறைந்து, இப்போது ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகளுக்கும் குறைவு என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மாலேயின் நெரிசல் குறையவில்லை, கூடியது. தீவுகளிலிருந்து வந்தவர்களும், கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களும் அதை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டவர்.

ஆகவே "பிள்ளைகள் கூடிப்போனதால்தான் எல்லாப் பிரச்சினையும்" என்று சொல்வது பாதிக் கணக்கு. மனிதர் எத்தனை பேர் என்பதோடு, அவர்கள் எங்கே கூடுகிறார்கள், ஏன் அங்கே கூடவேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். இலங்கையில் இதை நாம் வேதனையோடு விளங்கிக்கொண்டவர்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்ததாக வதந்தி பரப்பி ஒரு ஹோட்டலை அடித்து நொறுக்கினார்கள். அந்தச் சாப்பாட்டில் இருந்தது மாவுக் கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. சனத்தொகையைப் பற்றிய அரைகுறைக் கணக்கு பயத்தோடு சேர்ந்தால் முதலில் எரிவது கடைகள்தான்.

கிணற்றுத் தண்ணீர் கட்டணத் தண்ணீராக மாறிய கதை

பவளப்பாறை மணலில் மழை பெய்தால் நீர் கீழே இறங்கும். உப்புநீரை விட நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே தீவின் அடியில் உப்புநீருக்கு மேல் நன்னீர் ஒரு படலமாக மிதக்கும். மாலே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. யாரும் அதற்குக் காசு கொடுக்கவில்லை.

சனம் கூடியதும் இரண்டு காரியங்கள் நடந்தன. மழை நிரப்பும் அளவை விட மக்கள் இறைக்கும் அளவு கூடியதால் கீழிருந்த உப்புநீர் மேலே வந்தது. வீடுகள் நெருங்கியதால் மலசலகூடக் கழிவு பக்கத்துக் கிணற்றுக்குள் கசிந்தது. 1978இல் மாலைதீவில் வாந்திபேதி பரவியபோது, மாலேயின் கிணறுகளை இனிமேல் நம்பமுடியாது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அதன் பிறகு கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொடுக்கும் முறை வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மாலேயின் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுவது. டீசல் கப்பலில் வரவேண்டும். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் அதன் பாரம் மாலேயில் ஒரு குவளைத் தண்ணீர் மீதும் விழுகிறது. விலையை அரசாங்கம் தாங்கினாலும், பாவனையாளர் தாங்கினாலும், யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும்.

2014 டிசம்பர் 4ஆம் திகதி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த தலைநகரில் குழாய்கள் வரண்டன. கடைகளில் தண்ணீர்ப் போத்தல்களுக்குச் சண்டை நடந்தது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் குடிநீர் ஆகாயத்தில் வந்தது. கிணறு கெட்டுப்போனால் அதற்குப் பதிலாக வரும் ஏற்பாடு எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் ஒரு தீ விபத்துக்குத் தாங்காது என்பதை அன்று அந்த நாடு கண்டது.

காணி, வாடகை, கடலுக்குள் புதுத் தீவு

மாலேயின் பழைய வீடுகளுக்கு முற்றம் இருந்தது, மரம் இருந்தது, கிணறு இருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் காணி பங்கிடப்பட்டது. பேரப்பிள்ளைகள் வந்ததும் மீண்டும் பங்கிடப்பட்டது. முதலில் முற்றம் போனது, பிறகு மரம் போனது. இன்று அங்கே போனால் ஓர் அறை அகலத்தில் பத்து மாடி உயரத்துக்கு நிற்கும் கட்டடங்களைக் காணலாம். பாகம் பிரித்துப் பிரித்துக் கடைசியில் மிஞ்சிய காணியின் வடிவம் அது.

மேலே போக முடிந்த அளவு போன பிறகு கடலைத்தான் நிரப்பவேண்டும். 1970களிலும் 1980களிலும் தீவைச் சுற்றியிருந்த ஆழமில்லாத நீரை நிரப்பி மாலேயின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளத்திட்டின் விளிம்பு வரை நிலம் போய்விட்டது. 1987 ஏப்ரலில் பேரலைகள் வந்து நிரப்பிய பகுதிகளை அடித்துச் சென்றன. அதன் பிறகு ஜப்பான் நாட்டு உதவியுடன் தீவைச் சுற்றிக் கொங்கிரீட் அணை கட்டப்பட்டது. இயற்கை இலவசமாகத் தந்த தடுப்பை நிரப்பிவிட்டு, செயற்கைத் தடுப்பைக் காசு கொடுத்துக் கட்டவேண்டி வந்தது.

அதுவும் போதவில்லை. 1997இல் ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவைக் கடலுக்குள் நிரப்பத் தொடங்கினார்கள். 2004இல் முதற் குடும்பங்கள் அங்கே போயின. 2018 ஆகஸ்டில் சீன உதவியுடன் கட்டப்பட்ட பாலம் மாலேயையும் விமான நிலையத் தீவையும் இணைத்தது. படகுக்குக் காத்திருந்த தூரம் சில நிமிடப் பயணமாகியது. திட்டமிட்ட வீதிகள், தொடர்மாடிகள், பாடசாலை, வைத்தியசாலை என்று அங்கே செய்திருப்பவை பாராட்டத்தக்கவை. ஆனால் கடலில் உண்டாக்கிய ஒவ்வொரு பேர்ச் நிலத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலை வாடகையிலும், வரியிலும், நாட்டின் கடனிலும் வந்து சேர்கிறது.

குப்பைக்கும் ஓர் ஊர் வேண்டும்

1992இல் மாலேயின் குப்பையை மேற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்த ஒரு கடலேரியில் கொட்டத் தொடங்கினார்கள். குப்பை நிரம்பி நிரம்பி அது ஒரு தீவாகியது. பெயர் திலஃபுஷி. அந்த நிலத்தைத் தொழில்களுக்குக் குத்தகைக்கும் விட்டார்கள். படகு கட்டும் இடம், சீமெந்து பொதி செய்யும் இடம், களஞ்சியங்கள் எல்லாம் அங்கே வந்தன. குப்பை வாடகை உழைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் பல வருடங்களாக அங்கே குப்பை திறந்தவெளியில் எரிக்கப்பட்டது. காற்று திரும்பும் நாட்களில் புகை மாலேக்கே வரும். திறந்தவெளியில் எரிப்பதை 2021இல்தான் நிறுத்தினார்கள். அதற்கிடையில் பிளாஸ்டிக்கும் பட்டரிக் கழிவும் எவ்வளவு கடலில் கலந்தது என்பதை எந்தக் கொப்பியிலும் பார்க்கமுடியாது. மீனையும் அழகிய கடலையும் விற்று வாழும் நாட்டுக்கு இது சின்னச் செலவல்ல.

மனிதருக்கு என்ன நடக்கிறது?

மாலேயில் எனக்குப் பழக்கமான ஒரு வியாபாரி, கொழும்பில் படித்தவர். சிங்களமும் கொஞ்சம் தமிழும் பேசுவார். ஒரு நாள் இரவு 12 மணி தாண்டியும் கடற்கரை வீதியில் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவர்களுக்கு வீடு வாசல் இல்லையா என்று கேட்டேன். "வீடு இருக்கு நானா. ஆனா வீட்டுல இப்ப இவங்கட முறை இல்ல. காக்காமார் தூங்கி எழும்பினாத்தான் இவங்க போய்ப் படுக்கலாம்" என்றார்.

முறை வைத்துத் தூங்குவது மாலேயில் பலருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே வீட்டில் பெற்றோர், மணமுடித்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று இருந்தால் புதிதாக மணமுடித்தவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைப்பதே பெரும் பாக்கியம். உலகில் விவாகரத்து மிகக் கூடிய நாடு என்று மாலைதீவு கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. வீடில்லாத நெருக்கடியும் அவற்றில் ஒன்று என்பதை அந்நாட்டவர்களே சொல்வார்கள். வீட்டில் இடமில்லாத இளைஞன் தெருவில் வளர்கிறான். தெருவில் போதைப்பொருளும் கும்பல்களும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. பணமிருக்கும் குடும்பங்கள் சில கொழும்பிலும் தெஹிவளையிலும் வீடு எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. மாலே வாடகையோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்கு மலிவு.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை இதைவிட மோசம். 2022 நவம்பர் 10ஆம் திகதி மாலேயில், கீழே வாகனம் திருத்தும் இடமும் மேலே தொழிலாளர் தங்குமிடமுமாக இருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். நெருக்கமாகப் படுத்திருந்த அந்த மாடியில் வெளியேறுவதற்கு வழி போதவில்லை. கடைக்கு மேல் ஊழியர்களைத் தங்கவைக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஆகவே இந்தச் சம்பவத்தை வேற்று நாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

கடைக்காரரின் கணக்கு

இப்போது நமது கேள்விக்கு வருவோம். சனம் கூடினால் வியாபாரம் கூடுமா? விளங்கிக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பலசரக்குக் கடையின் மாத விற்பனை 10 இலட்சம் ரூபா. மொத்த இலாபம் 15 வீதம் என்றால் 1 இலட்சத்து 50 ஆயிரம். வாடகை 40 ஆயிரம், சம்பளம் 50 ஆயிரம், மின்சாரம் முதலிய செலவு 20 ஆயிரம். கையில் மிஞ்சுவது 40 ஆயிரம்.

ஊரில் சனம் கூடுகிறது. விற்பனை 15 இலட்சமாகிறது. முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் அதே சனத்தைப் பார்த்து அதே தெருவில் இன்னும் நான்கு கடைகள் திறக்கிறார்கள். போட்டியில் இலாபம் 12 வீதமாக இறங்குகிறது. 1 இலட்சத்து 80 ஆயிரம் வருகிறது. கடைக்காரனின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டடச் சொந்தக்காரர் வாடகையை 75 ஆயிரமாக்குகிறார். ஊழியர் தங்குவதற்கு அறை எடுக்கவேண்டும். சம்பளமும் அறையுமாக 65 ஆயிரம். மின்சாரம், தண்ணீர், கழிவு என்று 25 ஆயிரம். மொத்தச் செலவு 1 இலட்சத்து 65 ஆயிரம். மிஞ்சுவது 15 ஆயிரம்.

விற்பனை ஒன்றரை மடங்கு கூடியது. கைக்கு வந்தது பாதிக்கும் கீழே இறங்கியது. மிகுதி எங்கே போனது? பெரும்பகுதி நிலத்துக்குப் போனது. சனம் கூடும் ஊரில் பெருக்க முடியாத பொருள் நிலம் ஒன்றுதான். ஆகவே நெரிசலின் இலாபம் நிலத்தை வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. நட்டம் அந்த நிலத்தில் உழைப்பவர் தலையில் விழுகிறது. மாலேயில் சொந்தக் கட்டடம் வைத்திருந்தவர்கள் வியாபாரமே செய்யாமல் வாழ்ந்தார்கள். வாடகைக் கடைக்காரர்கள் நள்ளிரவு வரை கடை திறந்து வைத்திருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

நமது ஊர்கள்

இலங்கை முழுவதையும் எடுத்தால் சனத்தொகை பெருகும் வேகம் மிகவும் குறைந்துவிட்டது. 2012இல் 2 கோடியே 3 இலட்சமாக இருந்த தொகை 2024இல் 2 கோடியே 17 இலட்சம். பன்னிரண்டு வருடங்களில் கூடியது 14 இலட்சம்தான். ஆனால் மாலே நமக்குக் கற்றுத் தந்தது என்ன? நாட்டின் மொத்தத் தொகையைப் பார்த்து ஆறுதலடைய முடியாது; ஊரைப் பார்க்கவேண்டும்.

காத்தான்குடியை எடுங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. மருதமுனை, சாய்ந்தமருது ஆகியவற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தில் உம்மாவின் வளவு மகள்மாருக்குப் பிரிகிறது; மகளின் வளவு பேத்திமாருக்குப் பிரிகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று 2005இல் அறிவித்தபோது, வேறு எங்கே போய்க் கட்டுவது என்று தெரியாமல் இந்த ஊர்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை. மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்க நெருங்க என்ன நடக்கும் என்பதற்கு மாலேயின் 1978ஐப் பார்த்தால் போதும்.

கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையில் மலையாகி, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து, வீடுகளைப் புதைத்து 32 பேரின் உயிரைக் குடித்தது. பிறகு அந்தக் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காலுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நெருக்கமான ஊரின் குப்பை எப்போதும் இன்னோர் ஊரின் வாசலில்தான் போய் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் அரசாங்கத்தின் வேலை. நல்ல பாடசாலையும் வைத்தியசாலையும் வெளியூர்களுக்குப் போனால் சனமும் தானாகப் போகும். அதை நாம் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் வியாபாரிகள் தாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு.

முதலாவது, கடை வாடகைக்கு ஓர் எல்லை வையுங்கள். விற்பனையில் இத்தனை வீதத்துக்கு மேல் வாடகை போனால் இடம் மாறுவேன் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். கீ மணி கொடுத்த இடத்தை விட மனம் வராமல் இலாபத்தை இழப்பவர்கள் நம்மில் அதிகம்.

இரண்டாவது, பத்துக் கடை இருக்கும் தெருவில் பதினோராவது கடையைத் திறக்கவேண்டாம். புதிய வீதி எங்கே வருகிறது, பாடசாலை எங்கே தரமுயர்த்தப்படுகிறது என்று பாருங்கள். ஹுல்ஹுமாலேக்கு முதலில் போனவர்களை ஊரார் கேலி செய்தார்கள். பாலம் வந்த பிறகு அந்தக் கேலியை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

மூன்றாவது, விற்பனைக்கு மட்டும் நகரத்து இடத்தைப் பாவியுங்கள். களஞ்சியம், பொதியிடல், தையல் போன்றவற்றை நிலம் மலிவான ஊருக்குக் கொண்டுபோங்கள். அங்கே நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும்.

நான்காவது, ஊழியர் தங்கும் மாடிக்கு வெளியேறும் வழி இரண்டு இருக்கவேண்டும். சரக்கை அடுக்கி ஜன்னலை மறைக்கவேண்டாம்.

ஐந்தாவது, வளவைத் துண்டாக்குவதற்குப் பதிலாகக் குடும்பத்தோடு கூடிப் பேசி, பொதுக் கிணறு, பொதுக் கழிவுக் குழி, மேல்மாடி என்று திட்டமிடுங்கள். முடிந்தவர்கள் ஒரு மகளுக்காவது ஊருக்கு வெளியே காணி வாங்குங்கள்.

ஆறாவது, வர்த்தக சங்கங்கள் நகர சபையோடு உட்கார்ந்து கழிவைத் தரம்பிரிக்கும் ஏற்பாட்டைச் செய்யவேண்டும். அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் மிகக் கூடுதலாக வெளியே போவது நமது கடைகளிலிருந்துதான்.

நம்மில் பலர் நோன்பு மாதத்தில் வருடக் கணக்கை முடிப்பவர்கள். இம்முறை கணக்கு முடிக்கும்போது கடந்த ஐந்து வருடக் கொப்பிகளையும் எடுத்து வையுங்கள். வாடகை, தண்ணீர், மின்சாரம், ஊழியர் தங்குமிடம், கழிவு ஆகிய ஐந்து செலவுகளையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். விற்பனையை மறு பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கம் வேகமாக ஏறியிருக்கிறது என்று பாருங்கள். செலவுப் பக்கம் வேகமாக ஏறியிருந்தால் உங்கள் ஊர் எல்லையைத் தாண்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிலம் கைக்கு எட்டும் விலையில் இருக்கும்போதே அடுத்த இடத்தைப் பற்றி யோசிப்பது நல்லது.